அத்தான் காய்ச்சலை இறக்கிய வாரம்

என் அக்காவின் கணவரை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நான் ஏதோ நடுநிலையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். நாற்பத்தோரு வருஷமாக அத்தான், அத்தான் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டு வந்தேன். மரியாதை வேறு, பிரியம் வேறு.

நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். பெட்டிக்குள் நுழைந்ததும் எவன் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேலை போனாலும் அந்தப் புத்தி போகவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் யார் எங்கே தவறினார்கள் என்றுதான் என் கண் தேடும். "உனக்கு நாக்குல எலும்பு மட்டும் இல்ல, பிரேக்கும் இல்ல" என்று அக்கா சொல்லுவாள்.

அத்தான் ஒரு துணி ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஆலைக்குப் பின்னால் தனிக் கட்டடம், இரும்புக் கதவு, உள்ளே ஒரு அறை அளவுக்குக் கொதிகலன். அதன் நெற்றியில் வட்டமான அழுத்தமானி, அதில் ஒரு ஊசி, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்த ஊசி அந்தக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் முப்பத்தைந்து வருஷம் அவர் செய்த வேலை. மணிக்கு ஒருமுறை ஊசி காட்டும் எண்ணை நோட்டில் எழுதவேண்டும். எழுதாமல் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்று அவருடைய மேற்பார்வையாளரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வேறொருவர் பொறுப்பில் இருந்தபோது ஊசி கோட்டைத் தாண்டி ஒரு குழாய் வெடித்தது. அத்தானின் கூட்டாளிக்கு இரண்டு கையும் வெந்துபோயின. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அத்தான்தான். அதன்பிறகு எது ஏறினாலும் அவருக்குப் பயம். பால் பொங்கினாலும் பயம், அடுத்த வீட்டில் சத்தம் ஏறினாலும் பயம். எது இறங்கினாலும் நிம்மதி. "ஏறினாத்தான் ஆபத்து மச்சான். இறங்குறது தன்னால இறங்கட்டும்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "எந்த நம்பர் வேணும்?" என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் பேரை ஆயிரம் பேரோடு சேர்த்துவைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். இரண்டு பேர் பேசும்போது நடுவில் குறுக்கிடக்கூடாது என்பது அங்கே முதல் பாடமாம். வீட்டிலும் அவள் அப்படியே இருந்தாள். அத்தான் பேசினால் கேட்பாள். பேசாவிட்டால் அதையும் கேட்பாள். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் போதும் என்று இருந்தார்கள். எனக்கு அது புரியவே இல்லை.

அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் ஆலையையும் மூடிவிட்டார்கள். அதிலிருந்து மனிதர் காலையில் எழுந்து, சவரம் செய்து, உடுத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்கே போவதற்கு என்று அவருக்கே தெரியாது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை. அதற்குள் எவ்வளவு தூரம்தான் நடப்பது?

அந்தக் குளிர்காலத்தில் அந்த ஒரு வாரம் மாதிரி நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. திங்கட்கிழமை அது உறைந்து தெருவெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். என் வீடு ஊரின் இந்தக் கோடியில், அக்கா வீடு அந்தக் கோடியில். மத்தியானம் சாப்பிட்டதும் போன் போட்டேன்.

"உங்க அக்காவுக்குக் காய்ச்சல் மச்சான். நூத்தி ரெண்டு" என்றார் அத்தான்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"போன்ல கேட்டேன். மாத்திரை சொன்னாரு. சூடு இறங்கணும்னா ஈரத்துணி போடுங்க, கனமா போத்தாதீங்கன்னாரு. பயப்பட வேண்டாம்னாரு. நூத்தி ரெண்டுடா! எப்படிப் பயப்படாம இருக்கறது?"

டாக்டர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நூற்றிரண்டு இருக்கும்போது அதுதான் செய்யவேண்டும். அத்தான் ஒரு பழைய நோட்டை எடுத்து, கோடு போட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரை வைத்து எழுத ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கொதிகலன் நின்றுபோனது. எல்லா வீட்டுக்கும் சுடுநீர் அனுப்பிச் சுவரோரக் குழாய்களைச் சூடாக வைப்பது அதுதான். பராமரிப்புக்காரன் படிக்கட்டில் ஒரு காகிதத்தை ஒட்டினான்: பழுது பார்க்கப்படுகிறது, ஒத்துழைக்கவும். அத்தான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மூன்று மாடி இறங்கிப் போயிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் கொதிகலன் பார்த்தவன், ஐந்து நிமிஷம் விடு, பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது கம்ப்யூட்டர்ல ஓடுறது. கம்பெனி ஆளுங்க வருவாங்க. நீங்க மேல போய் கம்பளியப் போத்திக்கிட்டு உக்காருங்க" என்று அனுப்பிவிட்டான்.

இதை அன்றைக்குப் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"சரி விடுங்க. அக்காவுக்கு எப்படி?"

"நூறு!" என்றார். "ரெண்டு டிகிரி இறக்கிட்டேன்."

இறக்கிட்டேன் என்றார், கவனியுங்கள். இறங்கியது என்று சொல்லவில்லை. கீழே ஒரு கொதிகலனைத் தொடவிடாமல் துரத்தினார்கள். மேலே அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

படுக்கையறையில் ஒரு சின்ன மின் ஹீட்டர் இருந்தது. காய்ச்சல்காரிக்குச் சூடு ஆகாது என்று அதைச் சமையலறைக்கு மாற்றினார். கனமான போர்வையை எடுத்து அலமாரியில் வைத்தார். நெற்றியில் ஈரத்துணி, காலில் ஈரத்துணி, ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி. கொதிகலன் ஆறவேண்டுமென்றால் கதவைத் திறந்து வைப்பார்களாம். புதன்கிழமை மத்தியானம் தொண்ணூற்றெட்டு. வேலை சரியாக நடக்கிறது. சரியாக நடக்கிற வேலையை யாராவது நடுவில் நிறுத்துவார்களா?

வியாழக்கிழமை நான் போன் செய்தபோது அவர் குரலில் இருபது வயசு குறைந்திருந்தது.

"தொண்ணூத்தாறு மச்சான்! நல்லா இறங்கிடுச்சு. முனகல் இல்ல, நடுக்கம் இல்ல. அமைதியா தூங்குறா."

"அப்பாடா" என்றேன் நான்.

ஆம், நான்தான் சொன்னேன். தொண்ணூற்றாறு என்று என் காதால் கேட்டு, அப்பாடா என்றேன். அடுத்தவன் பையில் இருக்கும் பழைய டிக்கெட்டைப் பத்தடி தள்ளியிருந்தே மோப்பம் பிடிப்பவன், அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, சுடச்சுட ஒரு டீ குடித்தேன். இந்தக் கதையில் என் தப்பு எங்கே என்று பிறகு யாரும் தேடவேண்டாம். இங்கேதான்.

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, நாக்கு தடித்துப்போன குரலில், "எந்த... நம்பர் வேணும்?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, நாந்தான்."

"லைன்ல இருங்க" என்றாள். அவ்வளவுதான். அத்தான் போனை வாங்கி, "தூக்கக் கலக்கம்" என்றார். அவரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் எனக்கு மனசு சரியில்லை. எந்த நம்பர் வேணும் என்று அக்கா கேட்டது காதிலேயே இருந்தது. பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. இரண்டு பஸ் மாறி, கடைசித் தெருவைச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கடந்து, பத்து மணிக்குக் கதவைத் தட்டினேன். அத்தான் சவரம் செய்து, தலை வாரி, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நின்றார்.

"வா வா. மெதுவா. அசந்து தூங்குறா."

படுக்கையறைக்குள் நான் விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது. அக்கா ஒரு மெல்லிய போர்வைக்குள் படுத்திருந்தாள். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. நெற்றித் துணியை எடுத்தேன். அதன் ஓரம் விறைத்திருந்தது. பாதத்தைத் தொட்டேன். அம்மா செத்த அன்றைக்கு அவள் பாதத்தைத் தொட்டவன் நான். எனக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

"அக்கா! அக்கா!" உலுக்கினேன். கண்ணிமை கொஞ்சம் அசைந்தது. உதடு நீலமாக இருந்தது.

"எழுப்பாதடா" என்று அத்தான் நோட்டை நீட்டினார். "இதப் பாரு. காலையில ஆறு மணிக்கு வச்சேன். பாதரசம் முதல் கோட்டையே தொடல."

ஒழுங்கான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கடைசி வரியில் எழுதியிருந்தார்: 'கோட்டுக்குக் கீழே. முழுவதும் ஆறிவிட்டது.'

நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ஹீட்டரைத் தூக்கி வந்தேன், ஜன்னலைச் சாத்தினேன், அலமாரியில் இருந்ததை எல்லாம் வாரி அவள்மேல் போட்டேன். என் கோட்டையும் போட்டேன். அத்தான் என் பின்னாலேயே வந்து, "மறுபடியும் ஏறிடும்டா, மறுபடியும் ஏறிடும்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் வரிசையில் அத்தானை நிறுத்திவிட்டு நான் உள்ளே ஓடினேன். அரை மணி கழித்து ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார்.

"எண்பத்தொன்பதுதான் இருக்கு. காய்ச்சல் புதன்கிழமையே விட்டிருக்கும். அதுக்கப்புறம் வீட்டுக் குளிர் உடம்பைப் பிடிச்சிருக்கு. நடுக்கம் நின்னா நல்லதில்ல, உடம்பு தோத்துட்டுதுன்னு அர்த்தம். இதயம் எப்ப வேணாலும் நிக்கலாம். மெதுவா சூடேத்துறோம். இன்னும் ஒரு நாள் போனாத்தான் சொல்ல முடியும். கூட யாரு இருந்தாங்க?"

கூட யார் இருந்தார்கள்! அந்தக் கேள்வியைத்தான் நாற்பத்தோரு வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அக்கா சாகப்போகிறாள் என்கிற பயம் முழுவதும் கோபமாக மாறி என் கால் வழியாக இறங்கி, வரிசையை நோக்கி நடந்தது.

அத்தான் அக்காவின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "எவ்வளவு இருக்காம்?" என்று கேட்டார்.

"எண்பத்தொம்பது. செத்துக்கிட்டிருக்கா. நீதான் கொன்னே. நாலு நாளா ஈரத்துணி போட்டு, ஜன்னலத் திறந்து வச்சு, உக்காந்து எழுதி எழுதிக் கொன்னே. அவ என்ன உன் கொதிகலனா? அவ என் அக்கா!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நீ என்றேன். வரிசையில் நின்ற பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் கணவரைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அத்தான் கையிலிருந்த கண்ணாடியை மடித்தார். பிறகு, வேலை தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எந்த எண்ணுல நான் நிறுத்தியிருக்கணும்?"

"தொண்ணூத்தெட்டுல. புதன்கிழமை. பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். வியாழக்கிழமை நான் சொன்ன அப்பாடாவை அவர் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நீயும்தானே கேட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, வெளிவாசல் பக்கத்து பெஞ்சில், கதவு திறக்கும்போதெல்லாம் காற்று அடிக்கிற இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா கண் விழித்தாள். உடம்பெல்லாம் குழாய். ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. "பஸ் ஓடுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உனக்கு ஒண்ணுமே தெரியலையா அக்கா? அவ்வளவு குளிர்ல கிடந்தியே?"

"தெரிஞ்சுது." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "புதன்கிழமையே குளுருச்சு. பல்லு கிட்டிச்சு."

"அப்போ ஒரு போர்வை கேக்கறதுக்கு என்ன? வாயில்லையா உனக்கு?"

"நீ அவரு முகத்தப் பாக்கலடா." கண்ணை மூடிக்கொண்டாள். "ஆலைய மூடினதுலேர்ந்து அந்த மாதிரி பாத்ததில்ல. அலாரம் வச்சு எந்திரிச்சாரு. பேனாவுக்கு மை போட்டாரு. இறங்கிடுச்சு, இறங்கிடுச்சுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. கீழ அந்த ஆளு அவர அவமானப்படுத்தி அனுப்புன மறுநாளு. இப்போ போர்வை குடுங்கன்னா, நீங்க செஞ்சது தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? நாளைக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு... கேக்கணும்னே தோணல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தோரு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள் என்று எனக்குப் புரியாமல் இருந்ததே, அது கொஞ்சம் புரிந்தது.

"ஒண்ணு கேக்கறேன், செய்வியா?" என்றாள். "அவராலதான்னு மட்டும் அவருகிட்ட யாரும் சொல்லிடாதீங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடு. நிமோனியா, அது இதுன்னு ஏதாவது சொல்லுங்க. தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சுடுவாரு. நீ வேற வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டே. ஒண்ணும் சொல்லலையே?"

"நான் ஏன் சொல்றேன்?" என்றேன்.

டிக்கெட் இல்லாதவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் கண்ணாடி இன்னும் என் பையில்தான் இருந்தது. நல்லவேளை, அதை அவளுக்கு இன்னும் மாட்டிவிடவில்லை; என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர், இனி உயிருக்குப் பயமில்லை என்றார். நான் கீழே ஓடினேன். அத்தான் அதே பெஞ்சில் இருந்தார். இரண்டு நாள் தாடி. ஒரு தடவைகூட மேலே வரவில்லை.

"அக்கா பிழைச்சுட்டா அத்தான். உங்களத்தான் கேக்குறா."

"பிழைச்சுட்டாளா" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு துடைத்துக்கொண்டு, "நான் எதுக்கு? அங்க வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க. பாத்துக்குவாங்க" என்றார்.

நான் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தேன். என் வயசுக்கு அப்படி உட்கார்ந்தால் எழுந்திருப்பதே பெரும்பாடு. "அன்னிக்கு நான் பேசினத மறந்துடுங்க. நானும்தான் தொண்ணூத்தாறுன்னு கேட்டேன். எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? என்னச் செருப்பால அடிங்க, சரியாப் போயிடும். ஆனா அக்காவுக்கு நான் சொன்னது தெரியவேணாம். நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி வாங்க. எப்பவும் போல இருங்க. அது போதும்."

"எப்பவும் போல" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகம் கழுவி, என் சீப்பை வாங்கித் தலை வாரிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் நான்தான் பிடித்துக் கூட்டிப்போனேன்.

அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டிலேயே, தெரியாத வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். வீட்டில் குழாய் சூடாயிற்றா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். அக்கா, குழாய் செருகாத கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, அவர் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, இங்க வந்து தொட்டுப் பாருங்க. இன்னிக்கு எவ்வளவு இருக்கும்? நீங்க சொன்னாத்தான் எனக்குச் சரியா இருக்கும்."

அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் போயின.

"எனக்குத் தெரியாது" என்றார். "நர்ஸக் கேட்டுக்க."

அக்காவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமலே நன்றாகத்தான் தெரிந்தது அவளுக்கு. சொல்லிட்டியா என்று கேட்பாள், திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ கிளம்பு" என்றாள் என்னிடம். "பஸ் நின்னுடப் போகுது."